காலில் ரோமம்: கத்தியா, களிம்பா, பாகா?

புடவைக் கரை பாதத்தைத் தொட்டுக் கொண்டிருந்த வரையில் இந்தக் கேள்வி எழவே இல்லை. மஞ்சள் பூசிய பாதமும், அதன் மேல் ஒரு கொலுசும் தெரிந்தால் போதும். அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று யாரும் கவலைப்பட்டது கிடையாது. இப்போதோ, வீட்டுப் பெண் முழங்கால் வரை ஸ்கர்ட் அணிந்து பள்ளிக்கூடம் போகிறாள். மாலையில் ஷட்டில் ஆட அரை டிராயர். விடுமுறையில் நீச்சல் குளம். ஒரு நாள் சாயங்காலம் வந்தவள் புத்தகப் பையை வீசி எறிந்துவிட்டு, "என் காலைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா!" என்று கண்ணைக் கசக்குகிறாள்.

உடனே கூடத்திலிருந்து பாட்டியின் குரல் வருகிறது: "கத்தி கித்தி வெச்சுடாதேடி! அப்புறம் முள்ளு முள்ளா மொளைக்கும். பயத்தம்மாவும் மஞ்சளும் தேய்ச்சுக் குளிக்கச் சொல்லு!" தாயார் பாவம், இரண்டு பேருக்கும் நடுவே நிற்கிறாள். அவள் கையில் இருக்கும் போனோ, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு புது விளம்பரத்தைக் காட்டி அவளை இன்னும் குழப்புகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காலில் ரோமம் இருப்பது நோயும் அல்ல, அசுத்தமும் அல்ல. சிலருக்குப் பூனை முடிபோல மெல்லியதாக இருக்கும். சிலருக்குக் கறுத்துத் திடமாக இருக்கும். பெரும்பாலும் அது குடும்ப வாகு. எடுத்தே தீர வேண்டும் என்று எந்த வைத்திய சாஸ்திரமும் சொல்லவில்லை. 'எனக்கு இப்படியே இருக்கட்டும்' என்று ஒரு பெண் சொன்னால் பேச்சு அத்துடன் முடிந்தது. 'எடுத்துவிட்டால் தேவலை' என்று அவளே நினைத்தால் அதிலும் தப்பில்லை. எடுப்பதென்று தீர்மானித்த பிறகு வருவதுதான் பெரிய கேள்வி. ரோமம் எப்படி எடுத்தாலும் திரும்ப முளைத்துவிடும். ஆனால் எடுக்கிற அவசரத்தில் காலில் விழுகிற கறுப்புத் தழும்பு இருக்கிறதே, அது அவ்வளவு சீக்கிரம் விடை பெறாது!

இந்த ஆசை இன்று நேற்று வந்ததல்ல. துருக்கி, பாரசீக தேசங்களின் ஸ்நான அறைகளில் அரிதாரத்தையும் சுட்ட சுண்ணாம்பையும் குழைத்துப் பூசி ரோமத்தை உதிர்ப்பார்களாம். அரிதாரம் என்றால் நமக்குத் தெரியாததா? நாடகக்காரர்கள் முகத்தில் அப்பிக்கொண்ட மஞ்சள் தாதுதான் அது. நம் ஆயுர்வேத நூல்களிலும் அரிதாரம் சேர்ந்த ரோம நாசினிகள் உண்டு. அரிதாரத்தில் இருப்பது ஆர்ஸனிக் என்ற கொடிய விஷம். 'பழங்காலத்துக் கைவைத்தியம், கெடுதல் செய்யாது' என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைப்பது நல்லது.

அமெரிக்காவில் ஜில்லெட் கம்பெனி பெண்களுக்கென்று தனி ரேஸர் கொண்டுவந்தது 1915-ல். அதுவும் காலுக்காக அல்ல. கையில்லாத கவுன் வந்ததால் அக்குளுக்காக! கால் ரோமத்துக்கு ஆபத்து வந்தது இரண்டாம் உலக யுத்தத்தில்தான். 1942-ல் நைலான் அத்தனையும் பாராசூட் செய்யப் போய்விட்டது. காலுறை கிடைக்காத அந்த ஊர்ப் பெண்கள் காலில் பழுப்புச் சாயத்தைப் பூசிக்கொண்டு, பின்புறம் பென்சிலால் தையல் கோடு கூடப் போட்டுக்கொண்டார்கள். வெறும் காலில் சாயம் பூசினால் ரோமம் காட்டிக் கொடுத்துவிடுமே! கத்தியை எடுத்தார்கள். யுத்தம் முடிந்து நைலான் திரும்பி வந்தது. கத்தி திரும்பிப் போகவில்லை. சினிமாவும் விளம்பரமும் அந்த வழக்கத்தை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தன.

இப்போது பாட்டியின் பயத்துக்கு வருவோம். கத்தி பட்டால் ரோமம் தடிக்குமா? கறுக்குமா? வேகமாக வளருமா?

1970-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து இளைஞர்களைப் பிடித்து, ஆளுக்கு ஒரு காலை மட்டும் வாரா வாரம் பல மாதங்கள் சவரம் செய்தார்கள். மற்ற காலைத் தொடவே இல்லை. பிறகு இரண்டு கால்களின் ரோமத்தையும் எடுத்து எடை போட்டு, கனத்தை அளந்து, வளர்ந்த வேகத்தையும் கணக்கெடுத்தார்கள். சவரத்தினால் வந்ததென்று சொல்லும்படி எந்த வித்தியாசமும் இல்லை! ரோமத்தின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. மேலே ஓடுகிற கத்தி அதை எப்படித் தொடும்?

ஆனாலும் மூன்றாம் நாள் தடவிப் பார்த்தால் சொரசொரவென்று இருக்கிறதே என்பீர்கள். அதற்கும் காரணம் உண்டு. தானாக வளர்ந்த ரோமத்தின் நுனி ஊசிபோல மெலிந்திருக்கும். கத்தி அதை நடுவில் சீவிவிடுகிறது. சீவிய புல் காலில் குத்துகிற மாதிரி, தட்டையான அந்த நுனி கையில் குத்துகிறது. வெயில் படாத புது ரோமம் கொஞ்சம் கறுப்பாகவும் தெரியும். பாட்டி தடவிப் பார்த்தது நிஜம். அதற்கு அவர் கண்டுபிடித்த காரணம்தான் தவறு.

ஆகவே, ரேஸரை ஒதுக்க வேண்டியதில்லை. செலவு குறைவு; வலி இல்லை; பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும் என்பதுதான் குறை. குளித்து முடிக்கும் தறுவாயில், தோலும் ரோமமும் நனைந்து இளகியிருக்கும்போது செய்யுங்கள். சோப்பு தேய்த்து வறட்சியாகச் சீவ வேண்டாம். சவரக் களிம்போ ஜெல்லோ தாராளமாகப் பூசுங்கள். ரோமம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே கத்தி போகட்டும். அழுத்தக் கூடாது. கணுக்காலிலும் முழங்காலிலும் நிதானம் வேண்டும். ரத்தம் வருவது பெரும்பாலும் அங்கேதான். ஒரு பிளேடை ஐந்திலிருந்து ஏழு தடவைக்கு மேல் உபயோகிக்க வேண்டாம் என்பது தோல் வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. மழுங்கின பிளேடு ரோமத்தை வெட்டுவதற்குப் பதில் தோலைத்தான் வெட்டும். ஈரமான குளியலறை மாடத்தில் ரேஸரைப் போட்டுவைப்பதும் வேண்டாம். உலர்ந்த இடத்தில் இருக்கட்டும்.

ஹாஸ்டலில் இருக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. சீப்பைக் கடன் கொடுங்கள், சோப்பைக் கூடக் கொடுங்கள். ரேஸரை மட்டும் அக்கா தங்கையானாலும் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் போதும், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்ச் சேர.

மேல்நாட்டுப் பத்திரிகைகளைப் படித்துவிட்டு அதன்படியே செய்கிற நம் பெண்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. நம் தோல் மாநிறமும் கறுப்பும். வெள்ளைத் தோலில் ஒரு சின்னக் கொப்புளம் வந்தால் சிவந்து, பிறகு மறைந்துவிடும். நம் தோலிலோ, காயம் ஆறின இடத்தில் நிறமிச் செல்கள் தங்கள் சரக்கைக் கொஞ்சம் அதிகமாகவே கொட்டிவிட்டுப் போகும். அந்தக் கறுப்புப் புள்ளி மறைய மாதக் கணக்காகும். சிலருக்கு ஒரு வருஷம் கூட ஆகும். வேரோடு பிடுங்கிய இடத்தில் புது ரோமம் வெளியே வர வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே சுருண்டு, ஒரு பொட்டுப் போல் வீங்கும். கை சும்மா இருக்குமா? நகத்தால் கிள்ளி, ஊசியால் குத்தி, கடைசியில் ஒரு கறுப்புத் தழும்பு. ரோமத்தை மறைக்கப் போய்த் தழும்பை மறைக்கப் பாவாடையை இறக்கிக் கட்டுகிற பெண்கள் எத்தனை பேர்!

எனவே, முறையைத் தேர்ந்தெடுக்கும்போது 'எது அதிக நாள் வழவழப்பாக வைக்கும்?' என்பதோடு 'என் தோல் எதைத் தாங்கும்?' என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். கொசுக்கடி பட்ட இடமெல்லாம் உங்களுக்குக் கறுத்துப்போகிறதா? அப்படியானால் பிடுங்குகிற முறைகளில் அவசரப்பட்டு இறங்காதீர்கள். சுருட்டை முடிக்காரர்களுக்கும் இதே எச்சரிக்கை.

அடுத்தது களிம்பு. இதில் கத்தியும் இல்லை, வலியும் இல்லை. தயோகிளைகோலேட் என்ற ரசாயனம் ரோமத்தில் உள்ள கெராட்டின் என்ற புரதத்தின் கட்டுகளை அறுத்து, அதைக் கூழாக்கிவிடுகிறது, வழித்து எடுத்துவிடலாம். அந்த மூக்கைத் துளைக்கிற வாடைக்கும் அதுதான் காரணம். என்ன வாசனை கலந்தாலும் முழுக்க மறைப்பது கஷ்டம். இங்கே யோசிக்க வேண்டியது என்னவென்றால், நம் தோலின் மேல்புறத்திலும் இருப்பது அதே கெராட்டின்தான்! ரோமத்தைக் கரைக்கிற களிம்பு, நேரம் கடந்தால் தோலையும் பதம் பார்க்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அடுத்த வீட்டு அம்மாளோடு பேசப் போகிற மாதிரி இதைப் பூசிக்கொண்டு சீரியல் பார்க்க உட்காரக் கூடாது. டப்பாவில் எத்தனை நிமிஷம் போட்டிருக்கிறதோ அத்தனைதான். எரிச்சல் தெரிந்தால் அதற்கு முன்பே கழுவிவிடுங்கள். முதல் தடவையானால், காலில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பூசிப் பார்த்து, ஒரு நாள் முழுவதும் காத்திருங்கள். கால் களிம்பை முகத்துக்குப் பூசுவதோ, வெந்நீரில் குளித்த சூட்டோடு பூசுவதோ, சிராய்ப்பின் மேல் பூசுவதோ கூடாது.

இனி, பாகு. இந்த இடத்தில் நம் ஊர்ப் பெண்களுக்கு யாரும் பெரிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அரபு நாட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சர்க்கரைப் பாகினால்தான் ரோமத்தை எடுக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'ஹலாவா'. நம் அல்வாவின் உறவுக்காரிதான்!

இரண்டு கப் சர்க்கரை, கால் கப் எலுமிச்சம்பழச் சாறு, கால் கப் தண்ணீர். அடி கனமான பாத்திரத்தில் சிறு தீயில் வையுங்கள். எலுமிச்சம் சாறு சேர்ப்பது வாசனைக்காக இல்லை. பாகு பூத்துப்போய்ச் சர்க்கரையாகத் திரும்பாமல் அது பார்த்துக்கொள்ளும். நிறம் தேன் மாதிரி மாறும்போது ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டுப் பாருங்கள். அதிரசப் பாகு போலத் துவண்டால் இன்னும் கொஞ்ச நேரம் போக வேண்டும். பொரிவிளங்காய்ப் பாகு போல 'டங்'கென்று சத்தம் கேட்டால் எல்லை தாண்டிவிட்டது. இரண்டுக்கும் நடுவே, உருட்டினால் உருண்டு, அழுத்தினால் நசுங்குகிற பதம். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு ஏறக்குறைய 120 டிகிரி. இறக்கி ஆற வைத்து, கையில் எடுத்துப் பிசைகிற வெதுவெதுப்புக்கு வந்த பிறகுதான் காலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

காலைக் கழுவித் துடைத்து, கொஞ்சம் டால்கம் பவுடர் தூவிக்கொள்ளுங்கள். சென்னை வெயிலில் பவுடர் இல்லாமல் இதைத் தொடவே முடியாது. வேர்வை பட்டால் பாகு ரோமத்தை விட்டுவிட்டு விரலைப் பிடித்துக்கொள்ளும். மின்விசிறிக்கு அடியில் உட்காருவது உத்தமம். ஒரு நெல்லிக்காய் அளவு உருண்டையை எடுத்து, ரோமம் சாய்ந்திருக்கிற திசைக்கு எதிராகத் தேய்த்துப் பரப்பி, சாய்ந்த பக்கமாகவே வெடுக்கென்று இழுக்க வேண்டும். மேலே தூக்கி இழுக்காதீர்கள். தோலை ஒட்டினாற்போல் கை போகட்டும். மற்றொரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டால் வலி குறையும். ரோமம் ஒரு அரிசி நீளமாவது, அதாவது கால் அங்குலமாவது இருந்தால்தான் பாகுக்குப் பிடி கிடைக்கும். ஒட்டிக்கொண்ட மிச்சம் வெந்நீரில் கரைந்து போய்விடும். மெழுகு அப்படிப் போகாது. அதற்கு எண்ணெய் வேண்டும்.

அபாயம் எங்கே என்றால், அடுப்படியில். கொதிக்கிற தண்ணீர் பட்டால் வழிந்து ஓடும். பாகு அதைவிடச் சூடு, பட்ட இடத்தை விடவும் விடாது. குழந்தைகள் காலைச் சுற்றுகிற நேரத்தில் இந்தக் காரியம் வேண்டாம். தவறித் தெறித்துவிட்டால், குழாயடியில் இருபது நிமிஷம் குளிர்ந்த தண்ணீரைப் பாய விடுங்கள். ஐஸும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். கொப்புளம் பெரிதானால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கடையில் வாங்குகிற மெழுகும் இதே ஜாதிதான். அதை ரோமம் சாய்ந்த பக்கமாகத் தடவி, துணியை ஒட்டி, எதிர்ப்பக்கமாக இழுப்பார்கள். மணிக்கட்டில் துளி வைத்துச் சூடு பார்த்த பிறகே காலில் தடவ வேண்டும். பாகானாலும் மெழுகானாலும் மூன்று நான்கு வாரம் நிம்மதி. முதல் தடவை வலிக்கத்தான் செய்யும்; வலிக்காது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அன்றைக்கு இறுக்கமான லெக்கிங்ஸ் வேண்டாம், நீச்சல் வேண்டாம், மத்தியான வெயில் வேண்டாம். ஒரு வாரம் கழித்துப் பீர்க்கங்காய் நாரால் மெதுவாகத் தேய்த்துக் குளித்தால், உள்ளே சுருளுகிற ரோமத்துக்கு வழி கிடைக்கும். 'மெதுவாக' என்பதை இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

எபிலேட்டர் என்ற மின்சாரக் கருவி 1986-ல் இஸ்ரேலில் ஒரு கூட்டுப் பண்ணையிலிருந்து 'எபிலேடி' என்ற பெயரில் கிளம்பி உலகத்தைச் சுற்றி வந்தது. சுற்றுகிற சுருள் கம்பி ரோமத்தைப் பிடித்துப் பிடுங்கும். பிற்பாடு வந்தவற்றில் கம்பிக்குப் பதில் குட்டிக் குட்டி இடுக்கிகள். பலன் மெழுகு மாதிரிதான். ஒருமுறை வாங்கினால் பல வருஷம் உழைக்கும். ஆனால் தோலுக்குள் ரோமம் சுருளுகிற தொல்லை இதில் கொஞ்சம் அதிகம்.

கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, பயத்தம்மாவு? குளிர்ச்சி உண்டு, மணம் உண்டு, அழுக்கும் போகும். தேய்க்கிற தேய்ப்பில் பூனை முடி நாலு உதிரலாம். வேர் வரை போய் ரோமத்தை நிறுத்துகிற சக்தி அந்தப் பொடிகளுக்கு இருப்பதாக நிரூபணம் ஏதும் இல்லை. பாட்டியின் மனம் நோகாமல் தேய்த்துக் குளியுங்கள். பலனை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது எல்லோரும் கேட்பது ஒளிக் கருவியைப் பற்றி. ஐ.பி.எல். என்று அதற்குப் பெயர். (கிரிக்கெட் என்று நினைத்து வீட்டு ஆண்கள் ஓடி வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.) பளிச்சென்று ஒரு ஒளி, ரோமத்தின் கறுப்பு நிறமி அதை உறிஞ்சிச் சூடேற, வேர் வாடுகிறது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! வெள்ளைத் தோலில் கறுப்பு ரோமம் என்றால் ஒளிக்கு இலக்கு தெளிவாகத் தெரியும். நம் தோலிலேயே அந்த நிறமி நிறைய இருக்கிறதே? ஒளி இரண்டையும் சுட்டுவிடும். கொப்புளமும் கறுப்போ வெளுப்போ ஆன திட்டுக்களும் மிஞ்சும். அதனால்தான் வீட்டுக் கருவிகளின் பெட்டியில் தோல் நிற அட்டவணை ஒன்று அச்சடித்திருப்பார்கள். ஆயிரக் கணக்கில் பணத்தைக் கொட்டுவதற்கு முன்னால், பகல் வெளிச்சத்தில் உங்கள் காலை அந்த அட்டவணையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசிக் கட்டத்தில் உங்கள் நிறம் விழுந்தால் அந்தக் கருவி உங்களுக்கு இல்லை. மச்சத்தின் மேலும் பச்சை குத்திய இடத்திலும் யாருமே அடிக்கக் கூடாது. கறுத்த தோலுக்கென்று 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் தோல் வைத்தியர்களிடம் உண்டு. அதுவும் பல தடவை போய் வர வேண்டிய வேலை. ரோமம் வெகுவாகக் குறையும். அடியோடு அற்றுப்போகும் என்று வாக்குக் கொடுப்பவர் வியாபாரி.

சர்க்கரை வியாதிக்காரர்கள் தங்கள் கால் விஷயத்தில் வெகு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காலில் உணர்ச்சி மந்தித்திருப்பதால் மெழுகின் சூடும் தெரியாது, பிளேடு கீறினதும் தெரியாது. சின்னக் கீறல் ஆறாத புண்ணாகிவிடும். நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறவர்களும், ரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் பிடுங்குகிற முறைகள் பக்கம் போக வேண்டாம். முகப்பருவுக்காக ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்ட பெண்கள், நிறுத்தி ஆறு மாதமாவது ஆகும் வரை மெழுகைத் தொடக் கூடாது; ரோமத்தோடு தோலும் உரிந்து வந்துவிடும். இவர்களுக்கெல்லாம் ஏற்றது பாட்டரியில் ஓடுகிற ட்ரிம்மர். தோலைத் தொடாமல் நுனியை மட்டும் கத்தரிக்கும். முழு வழவழப்பு வராது, போகட்டும். ஆபரேஷனுக்கு முன்னால் ரோமத்தை அகற்றியே ஆக வேண்டுமானால் கத்தரிக்கும் கருவியால் மட்டும் செய்யுங்கள், சவரம் வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016-ல் ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கீறலில் கிருமி புகுந்துவிடும் என்ற பயம்தான் காரணம்.

புத்தகப் பையை எறிந்த பெண் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் முதலில் ட்ரிம்மர்தான் நல்லது. கொஞ்சம் வயது கூடி, கை நிதானப்பட்ட பிறகு ரேஸர். பாகும் மெழுகும் அவளாகக் கேட்கும் வரை காத்திருக்கலாம். 'இத்தனை ரோமம் இருக்கிறதே, ஹார்மோன் கோளாறோ?' என்று தாயாருக்கு உள்ளூர ஒரு கவலை இருந்தால், அதற்கும் பதில் உண்டு. பெண்களின் ரோம வளர்ச்சியை அளக்க ஃபெர்ரிமன், கால்வே என்ற இருவர் 1961-ல் உடலின் பதினொரு இடங்களைக் கொண்டு ஒரு கணக்கு வகுத்தார்கள். பின்னால் 1981-ல் அதைத் திருத்தியபோது முன்கையையும் முழங்காலுக்குக் கீழேயுள்ள காலையும் நீக்கிவிட்டார்கள். அங்கே வளருவதைக் கொண்டு ஹார்மோனைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்பதுதான் காரணம். மோவாய், மேல் உதடு, மார்பு, அடிவயிறு ஆகிய இடங்களில் திடமான ரோமம் திடீரென்று முளைத்து, மாத விலக்கும் ஒழுங்கு தவறினால் மட்டும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அப்போது தாமதம் கூடாது.

எந்த முறையானாலும் சரி, முதல் முயற்சியைக் கல்யாணத்துக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று வாரம் முன்பாகவே, கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குச் செய்து பார்த்துவிடுங்கள். அந்த இடம் கறுக்கவும் இல்லை, கொப்புளிக்கவும் இல்லை என்றால் மிச்சக் காலுக்குப் போகலாம்.